வாக்குறுதியும் வாயிதாவும்



நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. மீதியெல்லாம் பெட்டியடியில் உட்கார்ந்து கற்றது. ஆகவே மார்க்கத் தீர்ப்பு எதையும் நான் இங்கே சொல்லத் துணியவில்லை. நீங்களும் நானும் சிறுவயது முதல் பயான்களில் கேட்டுவந்த இரண்டு சரித்திரங்களை எடுத்துக்கொண்டு, கடைக்காரன் கண்ணுக்கு அவற்றில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். பிழை கண்டால் ஆலிம் பெருமக்கள் திருத்துவார்களாக.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'வாயிதா' என்று நாம் தினமும் பேசுகிறோம். சரக்குக் கடனுக்கு வாயிதா, கோர்ட்டு வழக்குக்கு வாயிதா. இது தமிழ்ச் சொல்லன்று. அறபியில் உள்ள 'வஃது' என்ற சொல்லின் இனத்தைச் சேர்ந்தது; உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வஃது என்றால் வாக்குறுதி. அல்லாஹ்வின் வாக்குறுதி என்று குர்ஆன் ஷரீபில் வருகிற இடங்களில் இருப்பது இந்தச் சொல்தான். நம் வாயில் புழங்கிப் புழங்கி வாக்குறுதி என்ற பொருள் தேய்ந்துபோய், கெடு என்ற பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. இது வேடிக்கை போல் தோன்றினாலும் நம் குணத்துக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. யார் எந்த வாக்கைக் கொடுத்தாலும் வியாபாரியின் காது அதில் தேதியைத்தான் தேடும்.

தேடுவது தவறுமன்று. குர்ஆன் ஷரீபின் ஆயத்துகளிலேயே மிக நீளமானது கடனைப் பற்றியது. சூரத்துல் பகராவில் 282-ஆவது ஆயத்து. குறித்த தவணைக்குக் கடன் கொடுத்தால் அதை எழுதி வையுங்கள், எழுதுகிறவன் நீதமாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சோம்பாதீர்கள் என்ற கருத்தெல்லாம் அதில் வருகிறது. நம் சிட்டையும் பேரேடும் அந்த ஆயத்தின் நிழலில்தான் இருக்கின்றன.

கையில் ஒரு புரோநோட்டு வந்தால் நாம் என்ன பார்க்கிறோம்? எழுதிக் கொடுத்தவன் யார், எழுதியிருப்பது என்ன, கெடு எப்போது என்று பார்க்கிறோம். எழுதியவன் யார் என்பதைப் பற்றி இந்நாட்டில் நமக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இங்கே ஆண்டபோது, வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளி நோட்டு புழக்கத்தில் இருந்தது. கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பான் சர்க்கார் அதில் வாக்களித்திருந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாக் காசாயிற்று. பெட்டி நிறைய வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்ததாக மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எழுத்து அழியவில்லை, எழுதிக் கொடுத்தவனிடம் கொடுக்கும் சக்தி இல்லாமற் போயிற்று. அல்லாஹுத்தஆலாவின் விஷயத்தில் அந்தச் சந்தேகம் ஈமானுள்ள எவருக்கும் கிடையாது. ஆகவே யார் என்ற கேள்வியை இத்தோடு விடுகிறேன். நாம் தடுமாறுவதெல்லாம் மற்ற இரண்டில்தான். அதிலும் அதிகமாகக் கெடுவில்தான்.

இனி முதலாவது சரித்திரம். கி.பி. 602-ல் ரோமச் சக்கரவர்த்தி மோரிஸ் என்பவர் கொல்லப்பட்டார். அதைச் சாக்காக வைத்துப் பாரசீக மன்னன் குஸ்ரூ பர்வேஸ் யுத்தம் தொடங்கினான். 610-ல் ஹிரக்ல் ரோமர்களுக்குச் சக்கரவர்த்தியானார். அதே வருஷத்தில்தான் ஹிராக் குகையில் நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ வந்தது என்று சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். ஹிரக்லுக்கு அரசு கிடைத்ததே தவிர நாடு மிஞ்சவில்லை. 613-ல் திமிஷ்க் போயிற்று. 614-ல் பைத்துல் முகத்தஸ் போயிற்று. கிறிஸ்தவர்கள் மேலான பொருளாக மதித்திருந்த சிலுவையையும் பாரசீகர் எடுத்துச் சென்றார்கள். 619-ல் மிஸ்ரின் இஸ்கந்தரிய்யாப் பட்டணமும் வீழ்ந்தது. ரோமரின் தலைநகரான குஸ்தன்தீனிய்யாவுக்குக் கோதுமை மிஸ்ரிலிருந்துதான் கப்பலில் வந்து கொண்டிருந்தது. மிஸ்ர் கையை விட்டுப் போகவே, அந்நகரத்து ஜனங்களுக்குப் பரம்பரையாகக் கொடுத்துவந்த இலவச ரொட்டி 618 வாக்கில் நின்றது. கிட்டங்கி காலி, கஜானா காலி. சக்கரவர்த்தியே தலைநகரை விட்டு ஆப்பிரிக்காவில் கார்த்தேஜுக்குப் போய்விட நினைத்தார் என்றும் ஊரார் தடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐந்தொகை எடுத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட கடைக்கு எந்த மொத்த வியாபாரியும் ஒரு மூட்டை சரக்குக் கடன் கொடுக்க மாட்டான்.

இந்தச் சமயத்தில் மக்காவில் சூரத்துர் ரூம் இறங்கியது. ரோமர்கள் பக்கத்து நாட்டில் தோற்றுப் போனார்கள், ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் சில வருஷங்களில் அவர்கள் ஜெயிப்பார்கள், அன்று மூமின்கள் மகிழ்வார்கள், இது அல்லாஹ்வின் வாக்குறுதி, அவன் தன் வாக்குக்கு மாறு செய்வதில்லை என்பது அதன் ஆரம்பத்தின் கருத்து. மக்கத்துக் குறைஷிகளோ விக்கிரக வணக்கக்காரர்கள்; வேதமில்லாத பாரசீகர் ஜெயித்ததில் அவர்களுக்கு ஆனந்தம். வேதக்காரர்களான ரோமர் தோற்றதில் முஸ்லிம்களுக்கு வருத்தம். அப்போது மக்காவில் முஸ்லிம்கள் ஒரு கைப்பிடி பேர். அடி உதைக்கு ஆளானவர்கள். ரோமர்களுடைய வெற்றியையும் தங்களுடைய மகிழ்ச்சியையும் சேர்த்துச் சொன்ன அந்த வாக்கைக் கேட்டுக் குறைஷிகள் சிரித்தார்கள்.

ஹஜரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. நம் தொழிற்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு எவ்வளவு பெருமை! அவர்கள் சிரித்தவர்களிடம் போய் இது நடந்தே தீரும் என்றார்கள். உபை இப்னு கலஃப் என்பவன் பந்தயம் கட்டக் கூப்பிட்டான். பந்தயம் ஹராமாக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. ரிவாயத்துகளில் எண்ணிக்கை வேறுபடுகிறது. தப்ஸீர்களில் பரவலாகக் காண்பது என்னவென்றால், பத்து ஒட்டகமும் மூன்று வருஷக் கெடுவும் பேசி முடித்தார்கள் என்பது. பிறகு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து விவரம் சொன்னபோது, ஆயத்தில் வந்திருக்கிற 'பிள்உ' என்ற சொல் மூன்று முதல் ஒன்பது வரையிலான எண்ணைக் குறிக்கும், ஆகவே போய்க் கெடுவை நீட்டிப் பந்தயத்தையும் உயர்த்துங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் திரும்பிப் போய் நூறு ஒட்டகம், ஒன்பது வருஷம் என்று மாற்றிப் பேசினார்கள்.

சகோதரர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஈமானில் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு மேல் யார்? அவர்களே முதலில் கெடுவைச் சுருக்கித்தான் பேசினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகக் கடிந்து கொள்ளவில்லை. பந்தயத்தைக் கைவிடச் சொல்லவுமில்லை. சொல்லைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். வாக்குறுதியில் எழுதியிருக்கிற கெடு வேறு, நம் ஆசை எழுதிக் கொள்கிற கெடு வேறு. கெடுவை நீட்டியவுடன் நம்பிக்கை குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். பத்து ஒட்டகம் நூறாயிற்று.

நடந்தது என்ன? ஹிரக்ல் மாதாகோயில்களின் வெள்ளிப் பாத்திரங்களைக் கடனாக வாங்கி உருக்கி நாணயம் அடித்தார். 622-ல் படை கிளம்பியது. அதுதான் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த வருஷம். 624-ல் அவருடைய படை பாரசீகருக்கு உட்பட்ட நாடுகளுக்குள் புகுந்து அவர்களுடைய பெரிய நெருப்புக் கோயில் ஒன்றை அழித்தது. அதே வருஷம் பத்ரு யுத்தத்தில் முஸ்லிம்கள் ஜெயித்தார்கள். 627 டிசம்பரில் நினிவேயில் பாரசீகப் படை முறிந்தது. 628-ல் குஸ்ரூவைச் சொந்த மகனே இறக்கிவிட்டுக் கொல்லச் செய்தான். ரோமரின் ஜெயச் செய்தி பத்ரு சமயத்தில் வந்தது என்றும், இனிச் சொல்லப்போகும் ஹுதைபிய்யா சமயத்தில் வந்தது என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். உபை அதற்குள் உஹதில் பட்ட காயத்தால் மாண்டு போனதாகவும், பந்தய ஒட்டகங்களை அவன் வாரிசுகள் கொடுத்ததாகவும், நாயகம் (ஸல்) அவர்கள் சொற்படி அபூபக்கர் (ரலி) அவற்றை சதகா செய்துவிட்டதாகவும் ரிவாயத்து உண்டு. ஜெயித்த பந்தயப் பணம் வீட்டுக்குள் வரவில்லை.

இப்போது என்ன வாக்களிக்கப்பட்டது என்ற கேள்விக்கு வருவோம். 2020 மார்ச் 18-ல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். நோன்பு வர ஒரு மாதமே இருந்தது. பெருநாள் வியாபாரத்துக்கென்று துணிமணிக் கடைக்காரர்கள் கடனுக்குச் சரக்கு எடுத்து அடுக்கியிருந்தார்கள். ஷட்டர் இறங்கியது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், எங்கள் தெருவில் சிறிய துணிக்கடை வைத்திருந்தவர், ஓர் இரவு டெலிபோனில் கூப்பிட்டார். "காக்கா, அலம் நஷ்ரஹ் சூராவைத் தினமும் ஓதுகிறேன். கஷ்டம் வந்துவிட்டது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இலேசு எப்போது வரும்? ஜகாத்தில் ஒரு காசு குறைத்ததில்லை. அல்லாஹ் என் கடையைக் கைவிட மாட்டான்தானே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து விஷயம் வெளியே வந்தது. வட்டிக்குக் கொடுக்கும் ஆலோங் ஒருவனிடம் பேசி வைத்திருக்கிறார். நாளைக்குக் கையெழுத்து. அல்லாஹ்வின் உதவி வருகிறவரை அதை வைத்துச் சமாளிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

அவருக்கு நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன்; அதைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர்கள் இருப்பார்கள். "தம்பி, புரோநோட்டைப் படியுங்கள். உங்கள் கடை அதில் எழுதியிருக்கிறதா? பூமியில் ஊர்ந்து திரியும் ஒவ்வோர் உயிரின் இரணமும் அவன் பொறுப்பு என்று ஹூது சூராவில் இருக்கிறது. அவனை அஞ்சி நடப்பவனுக்கு வழியைத் திறந்து, எண்ணிப் பாராத புறத்திலிருந்து இரணம் கொடுப்பதாகத் தலாக் சூராவில் இருக்கிறது. இன்ன தெருவில் இன்ன நம்பர் கடையிலிருந்து கொடுப்பேன் என்று எங்கும் இல்லை. பயம், பசி, பொருள் நஷ்டம், உயிர் நஷ்டம், விளைச்சல் நஷ்டம் இவற்றால் சோதிப்பேன் என்று பகரா சூராவில் அவனே சொல்லியிருக்கிறான். நஷ்டமும் எழுத்திலே இருக்கிறது. அது வந்தால் வாக்கு தவறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. இன்னொன்று. அதே சூராவில் ஷைத்தானும் ஒரு வாக்குக் கொடுக்கிறான் என்று வருகிறது, அதே வஃது என்ற இனச் சொல்லால். ஏழையாகி விடுவாய் என்பது அவன் வாக்கு. நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போவது அவன் வாக்கை நம்பி."

அவர் வெகுநேரம் பேசவில்லை. நான் கோபித்துக் கொண்டாரோ என்று நினைத்தேன். மறுநாள் கையெழுத்துப் போடவில்லை என்று தகவல் வந்தது. சரக்குக் கொடுத்த மொத்தக் கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி வாயிதா வாங்கினார். ஒரு தவுக்கே பாதிச் சரக்கைத் திரும்ப எடுத்துக் கொண்டார். வேறொருவர் பிடிவாதமாக ஏசினார். கடை பிழைக்கவில்லை. 2021-ல் மூடிவிட்டார். பசார் மாலாமில் தலைத்துணி விற்றுக் கடனை அடைக்க மூன்று வருஷம் பிடித்தது. பிள்ளைகள் பட்டினி கிடந்ததில்லை என்று அவர் வீட்டார் சொன்னார்கள். இதை நான் சந்தோஷக் கதையாகச் சொல்லவில்லை. கடை போனது போனதுதான். ஆனால் கொடுத்த வாக்கில் எது இருந்ததோ அது வந்தது.

இரண்டாவது சரித்திரத்துக்கு வருகிறேன். என் மனத்தில் இதுதான் பெரியது.

ஹிஜ்ரி 6, துல்கஃதா மாதம், கி.பி. 628. நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் தோழர்களும் மஸ்ஜிதுல் ஹராமில் நுழைவதாகக் கனவு கண்டார்கள். நபிமார்களின் கனவு வஹீயைச் சேர்ந்தது. ஆகவே ஏறக்குறைய 1,400 பேர் இஹ்ராம் கட்டிக்கொண்டு, குர்பானிக்காக 70 ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு, உம்ராவுக்குக் கிளம்பினார்கள். உறையில் வாள் தவிர யுத்த ஆயுதம் இல்லை. மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து ஆறு வருஷமாகச் சொந்த ஊரைக் கண்ணால் காணாத முஹாஜிர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஊருக்கு ஆறு வருஷம் போகாமல் இங்கே கடையில் கிடந்தவர்களுக்கு அந்த ஆவல் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மக்காவுக்குச் சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் ஹுதைபிய்யா என்ற இடத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம் கஸ்வா மண்டியிட்டுப் படுத்துக் கொண்டது. பழைய ஜித்தா ரஸ்தாவில் ஷுமைஸி என்று இன்று சொல்லப்படும் இடம் அது. ஹாஜிமார்களில் சிலர் பார்த்திருக்கலாம். குறைஷிகள் வழி விடவில்லை. தூதர்கள் வந்தார்கள், போனார்கள். நம் தரப்பில் ஹஜரத் உஸ்மான் (ரலி) அவர்கள் மக்காவுக்குப் போனார்கள். அவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று பொய்ச் செய்தி பரவி, மரத்தடியில் எல்லோரும் கைகொடுத்து உயிரையும் கொடுப்பதாக பைஅத் செய்தார்கள். கடைசியில் குறைஷிகளின் சார்பில் சுஹைல் இப்னு அம்ரு என்ற பேச்சு வல்லவர் உடன்படிக்கை எழுத வந்தார்.

அந்தப் பத்திரத்தை நீங்கள் ஒரு வியாபாரியாக வாசித்துப் பாருங்கள். தலைப்பில் ரஹ்மான் என்ற பெயர் கூடாது என்றார் சுஹைல். பழைய வழக்கப்படி எழுதப்பட்டது. அல்லாஹ்வின் ரசூல் முஹம்மது என்று எழுதக் கூடாது, அதை நாங்கள் ஒப்புக்கொண்டால் உங்களைத் தடுத்திருக்கவே மாட்டோமே, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதுங்கள் என்றார். எழுதிக் கொண்டிருந்த ஹஜரத் அலி (ரலி) அவர்களுக்கு அந்தச் சொல்லை அழிக்கக் கை வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அழித்தார்கள். ஷரத்துகளோ? பத்து வருஷம் யுத்தம் கிடையாது. இந்த வருஷம் உம்ரா இல்லாமலே திரும்பிப் போக வேண்டும். அடுத்த வருஷம் வரலாம், மூன்று நாள் மட்டும். குறைஷிகளில் ஒருவர் முஸ்லிமாகி மதீனாவுக்கு ஓடிவந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். மதீனாவிலிருந்து ஒருவர் மக்காவுக்கு ஓடினால் அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். நம்மில் எவனாவது இப்படி ஒரு கூட்டு வியாபாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் வீட்டார் என்ன சொல்வார்கள்!

மசி காய்வதற்குள் சோதனை வந்தது. அபூஜந்தல் (ரலி) என்ற இளைஞர் காலில் சங்கிலியோடு இழுத்து இழுத்து நடந்து வந்து முஸ்லிம்களின் நடுவே விழுந்தார். அவர் சுஹைலின் சொந்த மகன். இஸ்லாத்தில் சேர்ந்ததற்காகத் தகப்பனாரே அவரைக் கட்டி வைத்திருந்தார். ஷரத்துப்படி இவரைத்தான் முதலில் திருப்பித் தர வேண்டும் என்றார் சுஹைல். நாயகம் (ஸல்) அவர்கள் இவரை மட்டும் எனக்காக விட்டுக் கொடுங்கள் என்று கேட்டும் அவர் இணங்கவில்லை. முஸ்லிம்களே, என்னைக் காபிர்களிடம் திருப்பி அனுப்புகிறீர்களா, நான் பட்ட பாட்டைப் பார்க்கவில்லையா என்று அவர் கதறினார். பொறுமையாக இருங்கள், அல்லாஹ் உங்களுக்கும் உங்களைப் போன்ற பலவீனர்களுக்கும் ஒரு வழியைத் திறப்பான் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் திரும்பக் கொண்டு போகப்பட்டார். சஹாபாக்கள் பார்த்துக் கொண்டு நின்றார்கள்.

ஹஜரத் உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் போய், நாம் சத்தியத்தில் இல்லையா, பின் ஏன் இந்த இழிவு, நாம் கஃபாவுக்குப் போய் தவாபு செய்வோம் என்று தாங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. ஆம், சொன்னேன், இந்த வருஷமே என்று சொன்னேனா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள் உமர் (ரலி). அப்படியானால் நீர் அங்கே போகத்தான் போகிறீர், தவாபு செய்யத்தான் போகிறீர் என்று பதில் வந்தது. உமர் (ரலி) அவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போய் அதையே கேட்டார்கள். அங்கேயும் அதே பதில், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். ஒருகாலத்தில் மூன்று வருஷக் கெடு பேசிவிட்டு வந்து ஒன்பது வருஷமாகத் திருத்திக் கொண்ட அபூபக்கர் (ரலி) அவர்கள் அல்லவா! அந்தப் பாடம் அவர்களுக்கு இந்த நாளில் உதவியது என்று எனக்குத் தோன்றும். இது என் எண்ணம்தான்; கிதாபில் படித்ததல்ல.

நாம் சாதாரணமாக என்ன செய்கிறோம்? கெடு தாண்டிப் போயிற்று என்று நாமே முடிவு செய்து, வாக்கையே தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். இந்த வருஷமே என்று அவன் சொன்னானா என்று நம்மை நாமே கேட்பதில்லை. நமக்குத் தவணை குறித்து எழுதி வைக்கச் சொன்ன ரப்பு, தன் வாக்குக்குத் தேதி குறித்துக் கொடுக்கவில்லை. மனிதன் மறந்து போவான், இறந்து போவான், முறிந்து போவான். ஆகவே அவனுக்குத் தேதி வேண்டும்.

ஆனால் அதோடு பாடம் முடியவில்லை. கெடு தெரியாத காலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸை எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அது நமக்குப் பழகிவிட்டது. அதைவிட ஹுதைபிய்யாவில் அடுத்தபடி நடந்ததையே நான் எடுத்துக் கொள்கிறேன்.

உடன்படிக்கை முடிந்தபின் நாயகம் (ஸல்) அவர்கள், எழுந்து குர்பானி கொடுத்துத் தலையைச் சிரைத்துக் கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவரும் எழவில்லை. மூன்று தடவை சொன்னார்கள், அப்போதும் எழவில்லை. மரத்தடியில் உயிரைக் கொடுப்பதாகக் கை கொடுத்தவர்கள் இவர்கள். உயிரைக் கொடுப்பது இலேசாக இருந்தது. ஏமாற்றத்தோடு எழுந்து அன்றைய வேலையைச் செய்வது கஷ்டமாக இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் போய் அன்னை உம்முஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அந்த அம்மையார், தாங்கள் வெளியே போய் எவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தங்கள் ஒட்டகத்தை அறுத்து, சிரைப்பவரைக் கூப்பிட்டுத் தங்கள் தலையைச் சிரைத்துக் கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லோரும் எழுந்து அறுத்தார்கள். ஒருவருக்கொருவர் தலை சிரைத்துக் கொண்டார்கள். துக்கத்தில் ஒருவரையொருவர் வெட்டிக் கொள்வார்களோ என்னும்படி இருந்தது என்று ரிவாயத்தில் வருகிறது.

அவர்கள் மனம் அந்த நிமிஷத்தில் ஆறியிருக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலிருந்து தெரிகிறதல்லவா? கை நடுங்கிக் கொண்டேதான் செய்தார்கள். கண்ணீரும் கோபமும் ஓய்ந்த பிறகுதான் ஈமான் வேலை செய்யும் என்று எவரும் காத்திருக்கவில்லை. மக்காவுக்குப் போய் அறுக்க வேண்டிய குர்பானியை நின்ற இடத்தில் அறுத்தார்கள். கடை படுத்துவிட்ட காலத்தில் தராசைச் சரியாகப் பிடிப்பதும், வேலைக்காரப் பையனுக்குச் சம்பளத்தைத் தேதியில் கொடுப்பதும், கடன்காரர் வந்தால் பின்கதவால் போகாமல் முன்னே வந்து நிற்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை என்று நான் நினைக்கிறேன். வியாபாரம் திரும்பின பிறகு செய்து கொள்ளலாம் என்று தள்ளிப் போடத் தோன்றும் வேலைகள் இவை. வீட்டில் பெண்கள் சொல்லும் யோசனையைக் கேட்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கணக்கு நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும் வழியிலேயே சூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. தலை குனிந்து திரும்பிக் கொண்டிருந்தவர்களிடம், உமக்குத் தெளிவான வெற்றியைத் தந்துவிட்டோம் என்ற கருத்தில் ஆயத்து வந்தது. கண்ட கனவு உண்மையாகும், பயமின்றித் தலை சிரைத்தவர்களாக நுழைவீர்கள் என்றும் அதில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் இது வெற்றியா என்று கேட்டார்கள். ஆம் என்று பதில் வந்ததும் மனம் ஆறினார்கள். அன்று பேசிய பேச்சுக்காகப் பின்னாளில் நோன்பு வைத்தும் சதகா கொடுத்தும் அடிமைகளை விடுதலை செய்தும் வந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். நமக்கு நஷ்டம் என்று எல்லோரும் நினைத்த ஷரத்துதான் முதலில் உடைந்தது. அபூபஸீர் (ரலி) என்ற ஒருவர் மதீனாவுக்கு ஓடிவந்து, ஷரத்துப்படி திருப்பி அனுப்பப்பட்டு, வழியில் காவலனை வென்று தப்பிக் கடற்கரைப் பக்கம் போய்த் தங்கினார். அபூஜந்தலும் மக்காவிலிருந்து தப்பி அங்கே போய்ச் சேர்ந்தார். இன்னும் பலர் சேர்ந்தார்கள். அந்தக் கரை வழியாகத்தான் குறைஷிகளின் வியாபாரக் கூட்டங்கள் ஷாமுக்குப் போய் வரும். சரக்குப் போக முடியாமற் போகவே, இவர்களைத் தயவுசெய்து மதீனாவிலேயே வைத்துக் கொள்ளுங்கள் என்று குறைஷிகளே ஆளனுப்பிக் கெஞ்சினார்கள். ஹிஜ்ரி 7-ல், கி.பி. 629-ல், நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்காவுக்குள் போய் மூன்று நாள் தங்கி உம்ராச் செய்தார்கள். ஹுதைபிய்யாவில் 1,400 பேராக நின்றவர்கள், 630 ஜனவரியில் மக்கா வெற்றியின்போது 10,000 பேராக வந்தார்கள்.

அன்று சுஹைல் தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். மன்னிப்புக் கிடைத்தது, பிறகு இஸ்லாத்திலும் சேர்ந்தார். 632-ல் நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தான செய்தி மக்காவுக்கு வந்து சேர்ந்தபோது ஊர் ஆட்டங் கண்டது. மார்க்கத்தை விட்டுப் போய்விடலாமா என்று சிலர் யோசித்தார்கள். அப்போது கஃபாவின் அருகே எழுந்து நின்று, கலங்க வேண்டாம் என்று பேசி மக்காவாசிகளை நிலைநிறுத்தியவர் இந்தச் சுஹைல் இப்னு அம்ருதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் ரசூல் என்ற சொல்லை அழிக்கச் சொன்ன அதே வாய். தகப்பனும் மகனுமாகப் பின்பு ஷாம் தேசத்துப் படையில் சேர்ந்து போனார்கள்.